பெயருக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு

சென்ற நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பாஸ்புக்கில் பெயருக்குப் பின்னால். கம்ப்யூட்டர் அவரை இரண்டு ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. "நான் ஒரே ஆளுதான் தம்பி, இந்தா நிக்கிறேன்லா" என்றார் அவர். கவுன்ட்டரில் இருந்த பையன், "எனக்குத் தெரியுது ஐயா, சிஸ்டத்துக்குத் தெரியலையே" என்றான். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காரணம் உண்டு. அந்த 'சிஸ்டம்' என்பதை எழுதும் வேலையைத்தான் நான் கால் நூற்றாண்டு பார்த்தேன். என் அலுவலகக் கதைகளைப் படித்துவரும் நண்பர்கள் சிலர், "கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன் என்கிறீர்கள், கேன்டீன் கதை எழுதுகிறீர்கள், டிரான்ஸ்ஃபர் கதை எழுதுகிறீர்கள், கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் ஒன்றும் காணோமே" என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் புரியாது என்று நினைத்து எழுதாமல் இருக்கவில்லை. எழுதினால் ஒரு அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தென்மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். நிறையத் தொழிலாளர்களுக்குச் சம்பளமும், ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் இடம். முத்துக்குளித்துறைக்காரர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து போனதன் அடையாளமாக பர்னாந்து, ரோச், டி'குரூஸ் என்று இன்றும் வழங்குகிற பெயர்கள். குரூஸ் என்றால் அவர்கள் மொழியில் சிலுவை. ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்கும் 'குரூஸ்'க்கும் நடுவில் மேலே ஒரு சின்னக் கோடு வரும். கீபோர்டில் மேற்கோள் குறி போடுகிற அதே பொத்தான்தான். என் கதை முழுக்க அந்தக் கோட்டைப் பற்றியது.

1980-களில் நாங்கள் கோபோல் மொழியில் எழுதினோம். பெயருக்கு முப்பது எழுத்து இடம் என்று கட்டம் போட்டு வைத்திருப்போம். கட்டத்துக்குள் என்ன எழுதினாலும் அது பெயர். கோடு இருந்தாலும், புள்ளி இருந்தாலும் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிப் பார்க்காது. டி'குரூஸ்கள் எல்லோரும் அதில் பத்து, பதினைந்து வருடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பழைய ஏற்பாட்டில் ஆயிரம் குறை இருந்தது. ஒருவர் பெயரைக்கூட அது சிதைத்ததில்லை.

பிறகு 1997-இல் எல்லாவற்றையும் மாற்றினோம். வண்ணத் திரை, மவுஸ், பெரிய டேட்டாபேஸ், விஷுவல் பேசிக். எங்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது நினைவிருக்கும். எல்லா இடத்திலும் 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்ற சொல்லை மந்திரம்போல் சொல்வார்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன உதாரணம்: விலங்கு என்பது ஒரு வகுப்பு, நாய் அதன் பிள்ளை, நாய் குரைக்கும், பூனை கத்தும். மூன்று நான்கு பெரிய ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தோம். ஓய்வூதிய அலுவலகத்தில் நாய்க்கும் பூனைக்கும் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லைக் கற்றோம், பழக்கத்தைக் கற்கவில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அப்போது படித்திருக்க வேண்டியது.

கதை நார்வேயில் தொடங்குகிறது. ஆஸ்லோவில் நார்வே கணினி மையம் என்று ஒரு நிறுவனம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹன் டால் என்று இரண்டு பேர். உலகத்தில் நடப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. உதாரணமாக, ஒரு தபால் நிலையத்தில் மூன்று கவுன்ட்டர் இருந்தால் வரிசை எவ்வளவு நீளும், நான்காவது திறந்தால் எவ்வளவு குறையும்? இதை எழுத அன்றிருந்த மொழிகள் தோதாக இல்லை. எனவே சிமுலா என்று சொந்தமாக ஒரு மொழி செய்தார்கள். வரிசையில் நிற்கும் ஆள் ஒரு பொருள், கவுன்ட்டர் ஒரு பொருள். ஒவ்வொன்றும் தன் விவரத்தையும், தான் செய்யக்கூடிய வேலையையும் தன்னோடு வைத்துக்கொள்ளும். 1967-இல் வந்த இரண்டாவது பதிப்பில் 'வகுப்பு' என்பதும், ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றைக் கிளைக்க வைப்பதும் முழு வடிவம் பெற்றன. நாய் பூனை உதாரணத்தின் பூர்வீகம் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பொருளின் உள்விவரத்தை வெளியிலிருந்து யாரும் தொடாதபடி பூட்டும் வசதி அந்த மொழியில் முதலில் இல்லை. 1970-களில்தான் சேர்த்தார்கள். வீட்டைக் கட்டிய மேதைகளுக்கே கதவுக்குப் பூட்டு வேண்டும் என்பது பிறகுதான் தோன்றியிருக்கிறது. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது சேர்த்தே கிடைத்தது. 2002-இல் ஆறு வார இடைவெளியில் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

பூட்டு ஏன் வேண்டும் என்று தெளிவாக எழுதியவர் டேவிட் பார்னஸ். 1972-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை சில பக்கங்கள்தான். ஒரு பெரிய புரோகிராமைத் துண்டு போடும்போது, முதலில் இது, பிறகு அது என்று வேலை நடக்கும் வரிசைப்படி துண்டு போடாதே. எந்த முடிவு நாளைக்கு மாறக்கூடுமோ, அந்த முடிவை ஒரு துண்டுக்குள் மறைத்து வை. மாறினால் அந்த ஒரு துண்டைத் திறந்தால் போதும் என்பது அதன் சாரம். ஏறக்குறைய அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கே என்பவரும் அவர் நண்பர்களும் ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கினார்கள். 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்ற சொல்லே ஆலன் கே உடையது. அவர் உயிரியல் படித்தவர். உடம்பில் உள்ள உயிரணுக்கள் போல, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுவர் இருக்க வேண்டும், ஒன்று இன்னொன்றுக்குள் கை விடக்கூடாது, சேதி மட்டும் அனுப்ப வேண்டும் என்று நினைத்தார்.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் இது பழைய ரெக்கார்டு ரூம் வழக்கம். சர்வீஸ் ரிஜிஸ்டர் வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடுப்போம், ரெக்கார்டு கீப்பர் எடுத்துத் தருவார். எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்பது அவர் பாடு. அலமாரியை அவர் மாற்றி அடுக்கினாலும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் உள்ளே புகுந்து இழுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று, அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இது ஒரு பக்கம். டேட்டாபேஸ் கதை தனி.

எட்கர் காட் என்பவர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் சேர்ந்தார். 1970-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். விவரங்களை எல்லாம் எளிய அட்டவணைகளாக வைத்துவிடலாம், அது டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற கவலை கேட்பவனுக்கு வேண்டாம் என்றார். பாருங்கள், இவரும் ரெக்கார்டு கீப்பர் வழக்கத்தைத்தான் சொல்கிறார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி வேண்டுமே? அதே நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 1974-இல் ஒரு மொழியை வெளியிட்டார்கள். பாய்ஸ் அதே ஆண்டில் திடீரென்று இறந்துபோனார். அவர்கள் வைத்த பெயர் 'சீக்வெல்'. அது வேறு ஒரு கம்பெனியின் வணிகப் பெயராக இருந்ததால் சுருக்கி எஸ்.க்யூ.எல். ஆக்கினார்கள்.

புரோகிராம் எழுதத் தெரியாத சாதாரண ஆளும் ஆங்கில வாக்கியம் போல எழுதிக் கேட்கட்டும் என்பது அவர்கள் நோக்கம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

பெயர் = 'ராமசாமி' என்ற ஆளின் பதிவைக் காட்டு.

பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி. மனிதன் உட்கார்ந்து தட்டும்போது இதில் ஒரு ஆபத்தும் இல்லை. தவறாகத் தட்டினால் அவனே பார்த்துத் திருத்திக்கொள்வான். ஆனால் இந்த வாக்கியத்தை ஒரு புரோகிராம் எழுத வேண்டியிருந்தால்? யாரோ ஒருவர் திரையில் தட்டும் பெயரை வாங்கி, வாக்கியத்தின் நடுவில் ஒட்டி அனுப்பினால்?

இதற்கும் அந்த ஆய்வகத்தில் அப்போதே வழி இருந்தது. அவர்கள் செய்த சிஸ்டம் ஆர் என்ற முதல் மாதிரியிலேயே, கோபோல் போன்ற மொழிகளுக்குள் கேள்வியை எழுதும்போது பெயரை ஒட்ட வேண்டியதில்லை. 'பெயர் இங்கே வரும்' என்று ஒரு காலியிடம் விட்டால் போதும். வாக்கியம் தனியாகப் போகும், பெயர் தனியாகப் போகும்.

மணியார்டர் பாரத்தை நினைத்துப் பாருங்கள். தொகைக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம், அடியில் 'செய்தி' என்று கொஞ்சம் இடம். அந்தச் செய்தியில் 'இன்னும் ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுக்கவும்' என்று எழுதினால் தபால்காரர் கொடுப்பாரா? மாட்டார். அவருக்குக் கட்டளை தொகைக் கட்டத்தில் இருப்பது மட்டும்தான். செய்தி எவ்வளவு அதிகாரமாக எழுதியிருந்தாலும் அது செய்திதான். காலியிடம் விட்டு எழுதும் முறை இந்தப் பாரம் மாதிரி. ஒட்டி எழுதும் முறை வெள்ளைத் தாளில் எழுதும் மனு மாதிரி. நடுவில் வேறொருவர் ஒரு வரி சேர்த்துவிட்டால் எது யார் எழுதியது என்று தெரியாது.

1997-இல் நாங்கள் எழுதியதெல்லாம் வெள்ளைத்தாள் மனு. பயிற்சியில் அப்படித்தான் காட்டினார்கள், புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. காலியிடம் விட்டு எழுதும் வசதி எங்கள் மேசையில் இருந்த அதே சாஃப்ட்வேரில் இருந்தது. நாலு வரி கூட எழுத வேண்டும் என்பதால் யாரும் தொடவில்லை.

புதிய சிஸ்டம் தொடங்கி இரண்டாவது வாரம் ஒரு கிளார்க் ஓடி வந்தார். "சார், டி'குரூஸ்னு அடிச்சா மெஷின் திட்டுது." எட்டிப் பார்த்தால் இதுதான் நடந்திருந்தது:

பெயர் = 'டி'குரூஸ்' என்ற ஆளின் பதிவைக் காட்டு.

'டி'க்கு அடுத்த கோட்டைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. மிச்சமிருந்த 'குரூஸ்' அதற்குப் புரியாத கட்டளை. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் காரணம் விளங்கிவிட்டது. அன்று மாலை சம்பளப் பட்டியல் போக வேண்டும். நான் சொன்னேன்: "அந்தக் கோட்டை விட்டுட்டு அடிங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

பிறகு நேரம் கிடைத்தபோது சரி செய்யவும் பார்த்தேன். கோடு வந்தால் அதை இரண்டு கோடாக்கி அனுப்பினால் டேட்டாபேஸ் அதைப் பெயரின் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் புரோகிராமில் ரெக்கார்டு கீப்பர் கிடையாது. ஒவ்வொரு திரையும், ஒவ்வொரு பொத்தானும் தானே நேராக டேட்டாபேஸுக்குள் கை விட்டுக்கொண்டிருந்தது. நினைவுக்கு வந்த இடத்தில் எல்லாம் திருத்தினேன். சில இடம் விட்டுப்போயிற்று. சில இடத்தில் நானும் திருத்தி, இன்னொருவரும் திருத்தி, ஒரு கோடு நிரந்தரமாக இரண்டு கோடாகிவிட்டது. அதனால் ஒரே குடும்பத்துப் பெயர் ஓரிடத்தில் கோட்டோடும், ஓரிடத்தில் கோடில்லாமல் சேர்த்தும், ஓரிடத்தில் இரட்டைக் கோட்டோடும் பதிவாகியிருந்தது.

2000-இல் எங்கள் ஓய்வூதியர் ஒருவர் காலமானார். டி'குரூஸ். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். புரோகிராம் மூன்று அட்டவணையில் பெயரை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிரிவில் இருந்தவர் "சிஸ்டம் ஏத்துக்கலை, பேருக்கு ஆதாரம் கொண்டாங்க" என்றார். அந்த அம்மா ரேஷன் கார்டு கொண்டுவந்தார். வாக்காளர் அட்டை கொண்டுவந்தார். பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வந்தார். எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. எங்களிடம்தான் இல்லை.

எட்டு மாதம் கழித்து, எப்படியோ என் பிரிவு மாடியில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறி வந்தார். பதிவுகளை வரிசையாகத் திரையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சுட்டது. கோடில்லாத அந்தப் பதிவு நான் சொன்ன யோசனை. இரட்டைக் கோடு என் திருத்தம். அவரிடம் விளக்கினேன், பெயரில் உள்ள கோட்டை மெஷின் தப்பாக எடுத்துக்கொண்டது என்று. அவர் சத்தம் போடவில்லை.

"ஒரு சின்னக் கோடுதான சார். எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு. அதுக்கா எட்டு மாசம்?"

அவ்வளவுதான் கேட்டார். அன்று மாலைக்குள் கையால் திருத்தி, நிலுவையோடு உத்தரவு போட வைத்தேன். அவர் முதல் முறை வந்தபோது கழுத்தில் இருந்த சங்கிலி இப்போது இல்லை என்று எங்கள் அலுவலக உதவியாளர் பிறகு சொன்னார். அதை நான் என்ன செய்ய முடியும்?

அடுத்த ஆண்டு எங்கள் பிரிவில் இன்ஜினீயரிங் முடித்த ஒரு பெண் சேர்ந்தாள். வந்த மூன்றாம் வாரம் என் மேசைக்கு வந்து, "சார், கோவிச்சுக்கக் கூடாது, ஒண்ணு காட்டவா?" என்றாள். லாகின் திரையில் மேலாளர் என்று தட்டினாள். பாஸ்வேர்டு கட்டத்தில் பாஸ்வேர்டுக்குப் பதில் இப்படித் தட்டினாள்:

ஏதோ' அல்லது '1'='1

திரை திறந்துகொண்டது. அவள் கையில் பாஸ்வேர்டு கிடையாது. மேலாளரின் அதிகாரம் அத்தனையும் இருந்தது.

என்ன நடந்தது என்றால், எங்கள் புரோகிராம் அதை ஒட்டி அனுப்பிய வாக்கியம் இப்படி ஆகிவிட்டது: பயனர் 'மேலாளர்', பாஸ்வேர்டு 'ஏதோ' என்று ஒரு பதிவு இருக்கிறதா, அல்லது ஒன்றும் ஒன்றும் சமமா? ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே! உள்ளே வா என்றது.

டி'குரூஸ் அம்மாவை வெளியே நிறுத்திய அதே கோடுதான் இவளை உள்ளே விட்டது. நான் மூன்று நான்கு வருடமாக 'பெயர்ப் பிரச்சினை' என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் கதவில் இருந்த ஓட்டை. ஒழுங்கான மனிதருக்கு அது தடையாக இருந்தது, திருடனுக்கு வழியாக இருந்திருக்கும்.

இதை உலகுக்கு முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஜெஃப் ஃபாரிஸ்டல் என்ற அமெரிக்க இளைஞர். 1998 கிறிஸ்துமஸ் அன்று வெளிவந்த 'ஃப்ராக்' என்ற இணைய இதழில், புனைபெயரில் எழுதினார். நான் 'கோட்டை விட்டுட்டு அடிங்க' என்று சொல்லி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். 143 இடங்களில் ஒட்டு வேலை. மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கி, ஜாவா மொழியில் புதிதாக எழுத ஆரம்பித்தோம். எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவளுக்கு இருபத்து மூன்று இருக்கும். நான் மாணவன், அவள் ஆசிரியை.

முதல் பாடம் ரெக்கார்டு கீப்பரை வேலைக்கு வைப்பது. டேட்டாபேஸோடு பேசுவதற்கென்றே ஒரு சில வகுப்புகள். மற்ற எந்தத் திரையும் நேராக உள்ளே போகக்கூடாது. 'இந்த எண்ணுள்ள ஓய்வூதியரைக் கொடு' என்று சேதி அனுப்ப வேண்டும். இதைச் செய்த பிறகுதான் பார்னஸ் சொன்னதன் அருமை புரிந்தது. 143 இடத்தில் தேடித் திருத்தியதை இனி ஓரிடத்தில் திருத்தலாம். பாதுகாப்பு என்பது தனியாக மேலே பூசுகிற சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன். சுவர் ஒழுங்காக இருந்தால்தான் பூட்டுக்கே அர்த்தம்.

இரண்டாவது, மணியார்டர் பாரம். எந்தக் கேள்வியும் காலியிடம் விட்டுத்தான் எழுத வேண்டும். யார் தட்டியதையும் வாக்கியத்தில் ஒட்டக்கூடாது, நாமே தட்டியதாக இருந்தாலும். கோட்டை இரண்டாக்குகிற என் பழைய வைத்தியத்தை அவள் அடியோடு நீக்கினாள். உலகம் முழுக்க அந்த வைத்தியத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பி.எச்.பி. என்ற மொழியில் இதைத் தானாகச் செய்யும் வசதியே இருந்தது. பெயர்களுக்கு நடுவே தேவையில்லாத குறிகள் முளைத்ததுதான் மிச்சம். 2012-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது பாடத்தில் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். நாய் பூனை பாடம் மனதில் இருந்ததால் 'ஊழியர்' என்று ஒரு வகுப்பு எழுதி, அதன் பிள்ளையாக 'ஓய்வூதியர்', அதன் பிள்ளையாக 'குடும்ப ஓய்வூதியர்' என்று வம்சாவளி போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அவள் கேட்டாள்: "சார், புருஷன் இறந்து பென்ஷன் வாங்குற அம்மாவுக்கு வேலையில சேர்ந்த தேதி என்ன போடுறது?" அந்த அம்மா எங்கள் அலுவலகத்தில் வேலையே பார்த்ததில்லை. என் வம்சாவளிப்படி அவருக்கு ஊழியர் எண் உண்டு, சேர்ந்த தேதி உண்டு, ஓய்வு பெற்ற தேதி உண்டு. இல்லாத தேதியைக் கேட்டு இன்னொரு எட்டு மாதம் நிறுத்தி வைத்திருப்பேன். அப்பா வகுப்பு செய்யும் எதையும் பிள்ளை வகுப்பும் குறைவில்லாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது பிள்ளையே இல்லை என்று பார்பரா லிஸ்கோவ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1987-லேயே சொல்லியிருக்கிறார். அவருக்கு 2008-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. வம்சாவளியைக் கலைத்தோம். பணம் பெறுபவர் ஒரு வகுப்பு, அவர் யார் மூலம் பெறுகிறார் என்பது தனி விவரம். அவ்வளவுதான்.

மற்றவை சின்னப் பாடங்கள். பழைய சிஸ்டத்தில் எங்கள் புரோகிராம் டேட்டாபேஸுக்குள் முதலாளி அதிகாரத்தோடு போய்க்கொண்டிருந்தது, எந்த அட்டவணையையும் அழிக்கலாம் என்ற அதிகாரத்தோடு. கருவூலச் சாவியைக் கொடுத்து டீ வாங்க அனுப்புவது போல. அதைக் குறைத்து, படிக்க வேண்டியதைப் படிக்க, எழுத வேண்டியதை எழுத மட்டும் அனுமதி கொடுத்தோம். பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதி வைத்திருந்ததை நிறுத்தி, திரும்ப அவிழ்க்க முடியாதபடி மாற்றி வைத்தோம். ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்ற இருவர் 1979-இலேயே இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தவறு நேர்ந்தால் டேட்டாபேஸின் உள்விவரம் அத்தனையையும் திரையில் கொட்டிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினோம். 'இப்போது முடியவில்லை, பிரிவை அணுகவும்' என்று மட்டும் வரும்.

எங்கள் ஊர் அலுவலகம் ஏதோ பின்தங்கியது, அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஹார்ட்லேண்ட் என்ற கார்டு பரிவர்த்தனை நிறுவனம். அதிலும் வேறு சில கடை நிறுவனங்களிலும் சேர்த்து 13 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்களைத் திருடியதாக 2009-இல் வழக்குப் போட்டார்கள். நுழைந்த வழி இதே ஒட்டு வேலைதான். முக்கியக் குற்றவாளிக்கு 20 ஆண்டு சிறை. 2015-இல் பிரிட்டனில் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போயிற்று. முன்னர் விலைக்கு வாங்கிய இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து வந்த பழைய இணையப் பக்கங்கள் அவை. அப்படிச் சில பக்கங்கள் இருப்பதே நிறுவனத்துக்குச் சரியாகத் தெரியவில்லை. 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவன் 17 வயதுப் பையன். இணையப் பாதுகாப்புக்கென்று உள்ள ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் 2010, 2013, 2017 மூன்று முறையும் முதலிடம் இந்த வகைத் தவறுக்குத்தான்.

சரியான வழி 1970-களிலேயே தெரிந்திருந்தது என்பதை நினைத்தால்தான் ஆறவில்லை. யாரும் அதை மறைத்து வைக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் அவசரத்தில், 'இன்று மாலை பட்டியல் போகட்டும், பிறகு பார்க்கலாம்' என்று கற்றுக்கொள்ளாமல் விட்டதுதான். பிறர் சொன்னதையும் நாம் இடும் கட்டளையையும் ஒன்றாகக் கலக்காதே. அவரவர் விவரத்தை அவரவர் பொறுப்பில் வை. இரண்டே பழக்கம்தான். புதிதாக ஒன்றும் இல்லை, பாட்டி அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் வெந்தயத்தையும் வைத்திருந்த பழக்கம்.

புதிய சிஸ்டம் ஓடத் தொடங்கிய நாள் முதல் பெயரை நானே தட்டினேன். டி, கோடு, குரூஸ். ஏற்றுக்கொண்டது. மூன்று இடத்திலும் எடுத்துப் பார்த்தேன், ஒரே மாதிரி இருந்தது. அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது புதிய ஓய்வூதியச் சீட்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரை வாசித்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, "வரேன் சார், பஸ் போயிரும்" என்று கிளம்பிவிட்டார். கேட்காமலே போயிற்று. இந்தப் பதிவை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ கம்ப்யூட்டர் படித்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஏம்ப்பா, உன் புரோகிராமில் டி'குரூஸ் என்று தட்டினால் என்ன ஆகும்?" பிள்ளை சிரித்துவிட்டு, "அதெல்லாம் காலியிடம் விட்டுத்தான் தாத்தா எழுதுறோம்" என்றால் நிம்மதியாக இருங்கள். "கோட்டை விட்டுட்டு அடிக்கச் சொல்லலாமே" என்றால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.